மாருதி 800, ஆல்ட்டோ கிளட்ச் செட்: புதுசா, பிளேட் மட்டுமா, பழசுக்கே ஃபேசிங்கா?

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து தர்மபுரிக்கு ஏறும் பழைய மாருதி 800 ஒன்று, மூன்றாம் கியரில் இரைச்சலை மட்டும் கூட்டி, வேகம் எடுக்காமல், கருகின வாடையை விட்டுக்கொண்டு போனால், கிளட்ச் போய்விட்டது என்று பின்னால் வரும் லாரிக்காரருக்கே தெரிந்துவிடும். வண்டிக்காரருக்கு அதற்கு அப்புறம்தான் கேள்வி. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூன்று வழி சொல்வார்கள்: பெட்டியோடு முழு செட், புது பிளேட் மட்டும், இல்லையென்றால் பழைய பிளேட்டுக்கே புது ஃபேசிங் (பிளேட்டின் இரண்டு முகத்திலும் பிடிப்புக்காக ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) அடித்துத் தருவது. 796 சிசி என்ஜின் உள்ள மாருதி 800, ஆல்ட்டோ இரண்டையும் வைத்து இந்த மூன்றையும் பார்க்கிறோம். இரண்டிலும் கிளட்ச் கேபிளில்தான் வேலை செய்கிறது. பொலிரோ மாதிரி ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிக்குக் கடைசியில் நாலு வரி இருக்கிறது.

எங்கள் தீர்ப்பு: முழு செட், 5-க்கு நாலரை. பிளேட் மட்டும், 5-க்கு 2. ஃபேசிங், 5-க்கு 1. அந்த ஒன்றும் அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர உதவும் என்பதற்காக.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன், நிஜமாகவே கிளட்ச் போயிருக்கிறதா என்று பாருங்கள். 'கிளட்ச் போச்சு' என்று ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் சிலவற்றுக்கு ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும்.

ஸ்லிப் ஆகிறதா என்று பார்க்கச் சரியான இடம் ஏற்றம் அல்ல, சமதரை. காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கம் ஹைவேயை ஒட்டி ஓடும் சர்வீஸ் ரோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, நாலாம் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் என்ஜின் சத்தம் மட்டும் மேலே போனால் ஸ்லிப். 800-ல் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். முதல் கியரில் இதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சின்ன கியரில் வண்டி லேசாக நகர்ந்துவிடும், கிளட்ச் மேல் பாரம் தங்காது. தேய்ந்த பிளேட்டும் பிடித்துக்கொண்டது போலக் காட்டும். 'டவுனுக்குள்ள நல்லா ஓடுது, ஏத்தத்துலதான் இழுக்கல' என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சோதனை: ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, முன்னால் ஆள் இல்லாத இடத்தில், மூன்றாம் கியர் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை வழக்கம்போல விடுங்கள். என்ஜின் சட்டென்று அணைய வேண்டும். இரண்டு மூன்று வினாடி இழுத்துக்கொண்டு ஓடினால் பிடிப்பு போய்விட்டது. ஒரு தடவை போதும். நாலு தடவை செய்து காட்டினால் மிச்சமிருக்கும் ஃபேசிங்கையும் நீங்களே எரித்துவிடுவீர்கள்.

ஸ்லிப் என்று தெரிந்த பிறகு, கேபிளைத் தொடாமல் கியர் பாக்ஸில் கை வைக்கக் கூடாது. பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கனம் தட்டுவதற்கு முன் 15 முதல் 25 மி.மீ. வரை சும்மா போக வேண்டும். கியர் பாக்ஸில் கேபிள் இழுக்கும் ரிலீஸ் ஆர்மைக் கையால் ஆட்டினால் 2 முதல் 4 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். இந்த ஆட்டம் துளியும் இல்லையென்றால், நீங்கள் பெடலில் காலே வைக்காதபோதும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. பிளேட் புதுசாக இருந்தாலும் ஸ்லிப் ஆகும்.

இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பிளேட் தேயத் தேய கேபிள் தளர்ந்துவிடும், அதனால் இழுத்துக் கட்டணும் என்று நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. ஃபேசிங் தேயும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) பக்கம் நகர்கிறது. பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல் நுனிகள் அதற்கு எதிர்ப்பக்கம், பேரிங்கை நோக்கி வெளியே வருகின்றன. பெடலில் இருந்த ஆட்டம் தானாகவே குறைகிறது, வண்டி கிளம்பும் இடமும் பெடலில் மேலே மேலே போகிறது. ஆகவே தேய்மானத்துக்கு ஏற்ப கேபிள் நட்டைத் தளர்த்த வேண்டும். 'கிளட்ச் மேல புடிக்குது' என்று சொன்னவுடன் கேபிளை இறுக்கிக் கொடுப்பவரிடம் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நட்டைத் தளர்த்தி 2 மி.மீ. ஆட்டம் வந்த பிறகும் ஸ்லிப் நிற்கவில்லை என்றால்தான் பெட்டி வாங்கும் பேச்சு.

கிளட்ச் கட்டிங் ஆகாமல், அதாவது பெடலை மிதித்தும் என்ஜினும் கியர் பாக்ஸும் பிரியாமல் இருப்பது, இதற்கு நேர் எதிர் கோளாறு. என்ஜின் ஓடும்போது கிளட்சை முழுசாக மிதித்து, மூன்று வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று உரசினால் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேபிள் நூல் நூலாகப் பிரிந்து நீண்டிருக்கலாம். பெடல் ஆட்டம் அளவுக்கு மேல் இருக்கலாம். மழைக்காலம் பூராவும் நிறுத்தி வைத்த வண்டியானால் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும், இல்லையென்றால் பிளேட் உட்காரும் கியர் பாக்ஸ் தண்டான இன்புட் ஷாஃப்டின் பல்லில் துரு பிடித்துப் பிளேட் நகராமல் இருக்கும். போன வாரம்தான் புது கிளட்ச் போட்டோம், இன்றைக்குக் கட்டிங் ஆகவில்லை என்றால் பிளேட் மேல் பழி போடாதீர்கள். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் முழுவதும் பிளேட்டின் நடுவில் தொங்கி, பிளேட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் பணம் மிச்சம். கிளட்சை மிதித்தால் வரும் இரைச்சல் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கால் எடுத்திருக்கும்போது வந்து, மிதித்தவுடன் நிற்கும் இரைச்சல் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இரண்டாவதுக்குக் கிளட்ச் செட் மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும், லேபர் மட்டும் இரண்டு தடவை.

கிளம்பும்போது வண்டி உதறினால் முதலில் என்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். கிழிந்த மவுண்டிங்கும் எண்ணெய் பட்ட பிளேட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மவுண்டிங் சரியாக இருந்தால், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் எண்ணெய் கசிகிறதா என்று தடவிப் பாருங்கள். கருப்பாக இருந்தால் என்ஜின் பின்பக்க ஆயில் சீல். கந்தக வாடையோடு பழுப்பாக வந்தால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். இந்தக் கசிவை நிறுத்தாமல் புது செட் போடுவது, ஓட்டைக் குடத்துக்கு வெளியே வர்ணம் அடிப்பது மாதிரி.

இனி பெட்டி. முழு செட் என்றால் மூன்று உருப்படி: பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங். சில பெட்டிகளில் பேரிங் இருக்காது. விலை குறைவாகத் தெரிவது அதனால்தான். கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி உதிரிபாகம் தவிர வேலியோ, லூக், எக்ஸெடி மூன்றும் இந்தப் பக்கக் கடைகளில் பழகிய பெயர்கள். லூக்கின் தொழிற்சாலை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில்தான் இருந்தது. 2018-ல் அது ஷெஃப்லர் இந்தியாவோடு இணைந்தது. இவற்றில் எது உசத்தி என்று ஷெட்டில் நடக்கும் வாக்குவாதம் டீக்கடை அரசியல் மாதிரி, முடிவே வராது. எங்களைக் கேட்டால், அசலாக இருந்தால் இவற்றில் எதைப் போட்டாலும் தப்பில்லை. பிராண்டைவிடப் பெரிய பிரச்சினை போலிப் பெட்டி. அட்டையில் அச்சு மங்கலாக இருந்தாலோ, பார்ட் நம்பர் பெட்டியில் ஒன்றும் பிளேட்டில் வேறொன்றுமாக இருந்தாலோ, ஹாலோகிராம் ஸ்டிக்கர் உரித்து ஒட்டியது போல இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளேட்டைக் கையில் எடுத்து நடுவில் உள்ள சின்ன ஸ்பிரிங்குகளை ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று ஆடினால் வேண்டாம். ரிவெட் தலைகள் ஃபேசிங்கின் மேல்தளத்துக்கு நன்றாகக் கீழே, எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

'800 செட்டு குடுங்க' என்று மட்டும் கேட்டால் தப்பாக வரும். 800 என்ற பெயரில் 1983 முதல் 2014 வரை வண்டி வந்திருக்கிறது. நாலு கியர் வண்டி உண்டு, ஐந்து கியர் வண்டி உண்டு. ஆல்ட்டோவிலும் 796 சிசிக்கும், பெரிய என்ஜின் உள்ள கே10-க்கும் செட் ஒன்றல்ல. சேஸிஸ் நம்பரைச் சொல்லுங்கள். முடிந்தால் கழற்றிய பழைய பிளேட்டையே கடைக்குக் கொண்டுபோய் விட்டத்தை ஒப்பிட்டு, நடு ஓட்டையின் பல்லை எண்ணி, இன்புட் ஷாஃப்டில் போட்டுப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. பிளேட் ஷாஃப்டில் தன் பாரத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். தட்டி இறக்க வேண்டியிருந்தால் அது உங்கள் வண்டிப் பிளேட் இல்லை.

பிளேட் மட்டும் மாற்றுவதற்கு ஏன் 2 மதிப்பெண்? பழைய பிரஷர் பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள். விரல் நுனிகளில் பேரிங் உரசிய பள்ளம் நகத்துக்குத் தட்டுப்படும். உரசும் முகத்தில் நீல நிறத் திட்டுகள் இருந்தால் அங்கே சூடு ஏறி இரும்பின் தன்மையே மாறியிருக்கிறது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். அதன் மேல் புது பிளேட்டை வைத்தால் பாதி முகம்தான் படும். முந்தைய செட் போட்டு ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் எண்ணெய் பட்டுப் பிளேட் கெட்டது என்றால் மட்டும் பிளேட் தனியாக மாற்றலாம். மற்றபடி அதே நாள் லேபரில் மூன்றையும் மாற்றிவிடுவதுதான் கணக்குக்குச் சரி. இந்த வேலையில் நேரம் தின்பது கியர் பாக்ஸை இறக்குவதும் ஏற்றுவதும்தான்; ஒரு பேரிங்குக்காக இறக்கினாலும் முழு செட்டுக்காக இறக்கினாலும் கூலி ஒன்றே.

ஃபேசிங் அடித்த பிளேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்வைக்கு அது புதுசு போலவே இருக்கும். கிளட்ச் பிளேட்டின் இரண்டு ஃபேசிங்குக்கும் நடுவில் அலை அலையாக வளைந்த மெல்லிய ஸ்டீல் தகடுகள் இருக்கின்றன. கிளட்சை விடும்போது இந்த அலை மெதுவாகத் தட்டையாவதால்தான் வண்டி உதறாமல் கிளம்புகிறது. லட்சம் கி.மீ. ஓடிச் சூடேறிய தகட்டில் அந்த அலை செத்துப்போயிருக்கும். கடையில் புது ஃபேசிங் அடிப்பார்கள், அலையைத் திருப்பித் தர முடியாது. நடு ஸ்பிரிங்குகளின் தளர்ச்சியும் பல்லின் தேய்மானமும் பழையபடியே இருக்கும். ஃபேசிங் தடிமன் கம்பெனி அளவில் இருக்கிறதா, சுற்றும்போது எடை சமமாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தடிமன் கூடினால் கட்டிங் ஆகாது, குறைந்தால் சீக்கிரம் ஸ்லிப். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் சுற்றில் ஒரு துண்டு பிய்ந்தால் பெல் ஹவுசிங்குக்குள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உதிரிபாகம் கிடைக்காத மிகப் பழைய டிராக்டருக்கும் லாரிக்கும் இந்தத் தொழில் இன்றும் தேவை, அதில் கை தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். செட் தாராளமாகக் கிடைக்கும் ஆல்ட்டோவுக்கு இது வேண்டாம்.

பெட்டியோடு சேர்த்து வாங்க வேண்டியவை: கிளட்ச் கேபிள், ரிலீஸ் ஷாஃப்டின் இரண்டு புஷ், கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல், இரண்டு ஆக்ஸில் சீல், 75டபிள்யூ-90 ஜி.எல். 4 கியர் ஆயில் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக. கசிவு தெரிந்தால் என்ஜின் பின்பக்க ஆயில் சீலும். ஜி.எல். 5 ஆயிலைக் கொடுத்து 'இது இன்னும் ஒஸ்தி' என்பார்கள். கியருக்குள் இருக்கும் பித்தளை ரிங்குகளுக்கு அது ஆகாது. புஷ்ஷைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புது செட் போட்டும் பெடல் கல் மாதிரி இருந்தால் அந்தக் காய்ந்த புஷ்தான் காரணம், இல்லையென்றால் கேபிள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க விடும் ஷெட்டாகப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரின் பலம் சரியான பார்ட் நம்பரும் கணினி பில்லும். வண்டியின் அடியில் நடப்பதைப் பார்க்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கும். தனி ஷெட்டில் அது தலைகீழ். இரண்டில் எங்கே விட்டாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

பேட்டரி வயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, இரண்டு ஆக்ஸிலையும் உருவி, என்ஜினுக்கு அடியில் முட்டுக்கொடுத்த பிறகுதான் கியர் பாக்ஸ் இறங்க வேண்டும். ரிலீஸ் ஆர்மைக் கழற்றும் முன் அது ஷாஃப்டில் உட்கார்ந்த இடத்தைப் பஞ்ச் வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் எட்டாது. பழைய பிளேட் வெளியே வந்ததும் ரிவெட் ஆழத்தை அளக்கலாம். 0.5 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. இன்னும் 1 மி.மீ. இருந்தால், ஸ்லிப்புக்குக் காரணம் தேய்மானம் இல்லை. எண்ணெயா கேபிளா என்று அங்கேயே தேடிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஃப்ளைவீல் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். முடி வெடிப்பும் நீலத் திட்டும் இருந்தால் லேத்துக்குப் போக வேண்டும். சும்மா பளபளப்பாக இருந்தால் எமரி தாளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரில் துடைத்தால் போதும். ஃப்ளைவீல் நடுவில் உள்ள சின்ன பேரிங்கை விரல் விட்டுச் சுற்ற வேண்டும். சொரசொரவென்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், மலிவான சாமான். புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். அதையும் துடைக்காமல் மாட்டினால் முதல் நாளே உதறும்.

பிளேட்டில் ஸ்பிரிங் துருத்திய பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பிளேட் நடுவில் நிற்க, இன்புட் ஷாஃப்ட் போலவே இருக்கும் டம்மி ஷாஃப்ட் கட்டாயம். கண் மதிப்பில் வைப்பவர்கள் கியர் பாக்ஸை ஏற்ற அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள், அந்த மல்லுக்கட்டில்தான் பிளேட் வளைகிறது. ஆறு போல்ட்டையும் எதிர் எதிராக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்றாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் 23 நியூட்டன் மீட்டர். ஒரு பக்கம் முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிரஷர் பிளேட் மூடி கோணலாகிவிடும். ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துணியால் வழித்துவிட வேண்டும். தாராளமாக அப்பினால் சுற்றும் வேகத்தில் தெறித்து ஃபேசிங்கில் போய் உட்காரும். ரிலீஸ் பேரிங்கைப் பெட்ரோலில் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்து ஒரே மாதத்தில் கத்தும்.

செட்டின் அரைப் புள்ளியைக் குறைத்தது எதனால்? பெட்டிக்குள் தமிழில் ஒரு வரிகூட இல்லை, எந்தப் பக்கம் எதைப் பார்க்க வேண்டும் என்ற படமும் எல்லாப் பெட்டியிலும் வருவதில்லை.

மாட்டிய பிறகு முதல் 500 கி.மீ. டவுனுக்குள் ஓட்டுங்கள். தர்மபுரி நாலு ரோட்டிலும் கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலும் நின்று நின்று கிளம்புவது புது ஃபேசிங் ஃப்ளைவீலோடு பொருந்த நல்லதே, பாதி கிளட்சில் தொங்காமல் இருந்தால். வத்தல்மலை கொண்டை ஊசி வளைவும், ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரம் ஏறும் ரோடும் அதுவரை வேண்டாம். ராயக்கோட்டை மண்டிக்குப் பின் சீட்டை மடக்கித் தக்காளிக் கூடை ஏற்றிப் போகும் வண்டிகளுக்கும் இதையே சொல்கிறோம், கேட்பார்களா தெரியாது. ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள். கிளட்சிலும் ஆக்ஸிலேட்டரிலும் வண்டியைத் தாங்கி நிற்பது ஒரு நிமிடம்தான் என்றாலும் அந்தச் சூடு ஃபேசிங்கில்தான் இறங்குகிறது. 500 கி.மீ. முடிந்ததும் பெடல் ஆட்டத்தை ஒருமுறை அளந்து கேபிள் நட்டைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு ஷெட்டில் காசு கேட்கக் கூடாது. முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

ஹைட்ராலிக் வண்டிக்காரர்களுக்கு: பெடல் பஞ்சு போல இறங்கினாலோ, இரண்டு தடவை மிதித்தால்தான் கட்டிங் ஆனாலோ செட் வாங்க ஓடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பெடலுக்கு மேலே ஈரம் இருக்கிறதா, கீழே ஸ்லேவ் சிலிண்டர் ரப்பருக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாஷர் மாற்றி, மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை ஊற்றிக் காற்றை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் வீட்டுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். அடுத்த தடவை கடையில் ஒப்பிட உதவும். புதுசு மாட்டினார்களா என்ற சந்தேகமும் அங்கேயே தீரும்.